கீழ்த்தளத்துக்கு வெயில் கேட்ட அண்ணி

என் அண்ணியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அண்ணன் எழுதினால் நான்கே வரியில் முடித்துவிடுவார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் அவர். எண்களைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. அவர்கள் மகள் பாப்பா எழுதினால் பாதிக் கதையில் அவளே கதாநாயகி ஆகிவிடுவாள். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது என் பிழைப்பு. "வாய் ஓயாம பேசறது நீங்கதான் சித்தப்பா, நீங்களே எழுதுங்க" என்று பாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அண்ணி வேலை செய்வது ஏழு மாடி மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில். அது தரைக்குக் கீழே இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. பின்வாசல் வழியாக நுழைந்து முப்பத்திரண்டு படி இறங்க வேண்டும். லிஃப்ட் உண்டு, ஆனால் அது துணி ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கு மட்டும். கீழே போனதும் முதலில் காதுக்குத்தான் வேலை: ஆறு பெரிய துவைக்கும் இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், படுக்கை விரிப்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் சூடாகத் தள்ளும் இஸ்திரி உருளை. அதைத் தாண்டினால் மடிக்கும் மேசைகள். மேலே நீளநீளமாகக் குழல் விளக்குகள். ஜன்னல் என்று ஒன்றுகூட இல்லை.

ஐம்பத்தெட்டு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். காலை ஆறரைக்கு இறங்கினால் மாலை ஐந்துக்குத்தான் மேலே வருவார்கள். நோயாளிகளின் துணியைத் தொடுகிறவர்கள் என்பதால், வேலை உடுப்போடு வெளியே போகக்கூடாது என்பது விதி. சாப்பாட்டுக்காக உடுப்பை மாற்றி, மேலே போய், திரும்பி வந்து மறுபடி மாற்றுவதற்குள் இடைவேளையே முடிந்துவிடும். அதனால் கேன்டீன் சாப்பாடும் கீழேயே வந்துவிடும், ஒரு மூலை அறைக்கு. அண்ணி இப்படிப் பதினோரு வருடம் போய் வந்திருந்தார்.

அவருடைய மேசை அறுவை சிகிச்சை அறைத் துணிகளுக்கானது. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. ஒவ்வொரு துணியையும் அதன் மேல் விரித்து, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அண்ணி பார்த்து அனுப்பிய துணி ஒன்றுகூட மேலேயிருந்து திரும்பி வந்ததில்லை. இதை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

அண்ணிக்கு முப்பத்தொன்பது வயதானபோது இடுப்பில் வலி தொடங்கியது. பிறகு தொடைக்கு வந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து எழுவதற்குக்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்குவார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: வயசு, உடம்பு பருமன், வாயு, கவலை. அண்ணன் வலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். நான் என்ன செய்தேன்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "அண்ணிக்கு எந்திரிக்கவே ஒரு அறிவிப்பு கொடுக்கணும் போல" என்று கிண்டல் செய்தேன். அண்ணியும் சிரித்தார்.

மருத்துவமனையிலும் கிண்டல் இருந்தது. மாலை ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்து ஆட்கள் படியேறி வரும்போது, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். மேல்மாடி ஊழியர்கள் அதற்கு 'வாத்து வரிசை' என்று பெயரே வைத்திருந்தார்கள். "மணி அஞ்சு ஆச்சா? வாத்து வரிசை கிளம்பிடுச்சு" என்பார்களாம். அந்த வரிசையைத் தினமும் பார்த்தவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் துணி லிஃப்ட் பழுதாகி நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கு விரிப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டதால் ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அண்ணி இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. வலது பாதத்தைத் தரையில் வைத்தாலே உயிர் போனது. ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அதில் விரித்திருந்தது அன்று காலையில் சலவைக்கூடத்திலிருந்து போன விரிப்பு. அந்த நிலைமையிலும் அண்ணி அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "மடிப்பு சரியில்லையே, யார் மடிச்சது?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தகவல் வந்து நான் ஓடினேன். அண்ணன் ஏதோ ஒரு தெருவில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு மருத்துவர் ஒரு பெண்மணி. வேகமாகப் பேசுகிறவர், அதைவிட வேகமாக நடக்கிறவர். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். பாதத்து எலும்பில் முடி போல ஒரு விரிசல். பிறகு அண்ணியின் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அண்ணி கத்திவிட்டார்.

"இவ்வளவு மெதுவா அழுத்தினதுக்கேவா?" என்றவர், சற்று யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா எப்ப வெயில்ல நின்னீங்க?"

அண்ணி விழித்தார். "பாப்பா ஸ்கூல்ல விளையாட்டுப் போட்டி நடந்துச்சு, அப்ப நின்னேன்."

"அது எப்ப?"

"போன வருஷம்..." அண்ணி என்னைப் பார்த்தார். "இல்ல. அதுக்கும் முந்தின வருஷம்."

"லீவு நாள்ல?"

"வாரம் முழுக்கச் சேர்ந்த வீட்டு வேலை இருக்கும்ங்க. வாசலுக்குக்கூட வர்றதில்ல."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அண்ணியின் ரத்தத்தில் வைட்டமின் டி, இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை.

"நான் பால் குடிக்கிறேன், முட்டை சாப்பிடறேன், கால்சியம் மாத்திரைகூட நடுவுல போட்டேனே" என்றார் அண்ணி.

"சாப்பிட்டது சரி. ஆனா அந்தக் கால்சியம் குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகணும்னா வைட்டமின் டி வேணும். அது இல்லன்னா சாப்பிட்டதுல பெரும்பகுதி வந்த வழியே போயிடும். எலும்பு இறுகாம மெத்துனு ஆயிடும். தசைக்கும் வலு போயிடும், அதான் எந்திரிக்க முடியல. சாப்பாட்டுல இந்த வைட்டமின் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். மீன், முட்டை மஞ்சள் கரு, அவ்வளவுதான். மீதியை நம்ம தோலே வெயில்ல செஞ்சுக்கணும். உங்க தோலுக்கு நீங்க பதினோரு வருஷமா அந்த வேலையே கொடுக்கல."

அண்ணன் வெயிலில் கருத்த தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இவ்வளவுதானா? வெயிலா?" என்று கேட்டார். அவர் குரலில் நிம்மதியும் கோபமும் சேர்ந்தே இருந்தன.

வாரம் ஒரு வைட்டமின் டி வில்லை என்று எட்டு வாரம், தினமும் கால்சியம், முடிகிற நேரத்தில் வெயில். பாதத்துக்கு மாவுக்கட்டு. மொட்டை மாடியில் நாற்காலி போட்டுக் கையையும் காலையும் வெயிலில் நீட்டியபடி அண்ணி உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் வலி மாத்திரை தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில், தரையில் சிதறிக் கிடந்த பாப்பாவின் புத்தகங்களை அடுக்க உட்கார்ந்தவர், கையை எங்கும் ஊன்றாமல் சட்டென்று எழுந்தார். எழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மறுபடி உட்கார்ந்து எழுந்தார். பாப்பா எண்ண ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டாவது தடவை அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து எழுந்து, மூச்சு வாங்கி, தோற்றுப்போனார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நோய் குணமான கதை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, படியேறும்போது பின்னாடி நின்னு எல்லாரையும் பார்த்தேன். நான் எப்படி நடந்தேனோ அப்படியேதான் அவங்களும் நடக்கிறாங்க."

"வேலைக் களைப்பா இருக்கும் அண்ணி. வயசும் ஆகுதுல்ல."

"இஸ்திரி உருளையில நிக்கிற பொண்ணுக்கு இருபத்தாறு வயசு. கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஏறுது."

மறுநாள் சாப்பாட்டு அறையில் அண்ணி தன் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொருவரையும் கால் நீட்டச் சொல்லி, மருத்துவர் செய்த மாதிரியே முன்னெலும்பை மெதுவாக அழுத்தினார். ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்ததாம். "அக்கா, இடது காலுக்குத் தனி டோக்கனா?" என்றார் ஒருவர். சிரித்தவர்களில் பலர் விரல் பட்டதும் சிரிப்பை நிறுத்தினார்கள். துணி எண் எழுதும் நோட்டில் அண்ணி மூன்று பத்திகள் போட்டுக்கொண்டார்: கீழ்த்தளத்தில் எத்தனை வருடம், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா.

ஐம்பத்தெட்டு பேரில் நாற்பத்தொரு பேருக்கு வலித்தது. அன்று அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தபோது அண்ணி இன்னொன்றையும் காட்டினார். "வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவங்க ஆறு பேர். அதுல ஒருத்தருக்குத்தான் வலி. அஞ்சு வருஷம் தாண்டினவங்களைப் பாருங்க தம்பி. கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கு." பட்டியலை வருட வரிசைப்படி அவரே மாற்றி எழுதியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓட்டை தேடிப் பழகிய கண் அது.

சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் முதலில் நோட்டைக் கொண்டுபோனார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "மூணு மாசம் லீவுல போயிட்டு டாக்டராவே திரும்பி வந்துட்டீங்களா? துணி டாக்டர்!" என்றார். அன்றிலிருந்து அதுவே அண்ணியின் பட்டப்பெயர் ஆனது. அதைச் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தபோது, மேற்பார்வையாளரும் மேசையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டுதான் எழுந்தார். அண்ணி அதைப் பார்த்தார். நோட்டில் ஐம்பத்தொன்பதாவதாக ஒரு வரி சேர்ந்தது.

பிறகு எலும்பு மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன். எப்போதும் வேகமாகப் பேசுகிறவர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக நிதானமாகப் பார்த்தார்.

"இதை வருஷ வரிசையில போடணும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. தப்பா?"

"தப்பா! நான் ஏழு வருஷமா இந்தக் கட்டடத்துல இருக்கேன். தினம் அஞ்சு மணிக்கு இவங்க நடந்து போறதைப் பார்த்திருக்கேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வாத்து நடை இந்த நோயோட அடையாளம்னு நான் படிச்சிருக்கேன். படிச்சதை எங்க வெச்சேன்னு தெரியல."

நிர்வாகத்திடம் பேசி, இருபது பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய அவர் அனுமதி வாங்கினார். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "ரொம்ப முடியாதவங்க இருபது பேரைப் பொறுக்கிச் சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

அண்ணி இரண்டு நாள் யோசித்தார். காய் நறுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பார். மூன்றாம் நாள் மருத்துவரிடம் போய், "இருபது வேணாங்க. எங்க ஆளுங்க பத்து பேர் போதும்" என்றார்.

"ஏன்? கிடைச்சதை விடுவாங்களா?"

"முடியாதவங்களைப் பொறுக்கி எடுத்தா, நோயாளியாப் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிடுவாங்க. அதனால சீட்டு குலுக்கிப் போடறேன், யார் பேர் வருதோ அவங்க. மீதி பத்தைத் தோட்டக்காரங்களுக்கு எடுங்க. அவங்களும் எங்களை மாதிரிதான், அதே கேன்டீன் சாப்பாடு, அதே நேரம் வேலை. வெயில் ஒண்ணுதான் வித்தியாசம்."

இதை எனக்குச் சொன்னவர் அந்த மருத்துவரே. சொல்லும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மெடிக்கல் காலேஜ்ல இதைப் படிக்க ஒரு வருஷம் ஆச்சு. இவங்க ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார். அன்று பேருந்து நிலையத்துக்குப் போனதும், ஒலிபெருக்கியில் வண்டி எண்ணுக்குப் பதிலாக அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது உண்மை.

துணியில் குத்தும் எண் வில்லைகளை ஆளுக்கொன்றாக ஒரு வாளியில் போட்டுக் குலுக்கி, எல்லார் முன்னாலும் பத்து எடுத்தார்கள். முடிவு வந்தது. சலவைக்கூடத்துப் பத்து பேரில் ஒன்பது பேருக்கு வைட்டமின் டி குறைவு. நான்கு பேருக்கு அண்ணி அளவுக்கே மோசம். தோட்டக்காரர்கள் பத்து பேரில் ஒரே ஒருவருக்குத்தான் குறைவு. விசாரித்தால், அவர் கிடங்கு அறையில் உட்கார்ந்து கருவிகளைப் பழுது பார்க்கிறவர்.

நிர்வாக அதிகாரியின் அறைக்கு மருத்துவர், மேற்பார்வையாளர், அண்ணி மூவரும் அழைக்கப்பட்டார்கள். வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டும் சேலையில் அண்ணி போனார். அதிகாரி பரிசோதனை முடிவுத் தாளைப் பார்த்தார். அந்தத் தாளில் இருந்ததை மறுக்க வழி இல்லை. "சரி, எல்லாருக்கும் வில்லை கொடுத்துடலாம். விஷயம் முடிஞ்சது" என்றார்.

"வில்லை முடிஞ்சதும் நாங்க மறுபடியும் அதே பேஸ்மென்ட்லதானே சார் இருப்போம்?" என்றார் அண்ணி.

அதிகாரி யோசித்தார். தாராள மனதோடுதான் அடுத்ததைச் சொன்னார். "முதல் மாடியில கண்ணாடி வராந்தா இருக்கு. பளிச்னு வெளிச்சம் வரும். சாப்பாட்டு நேரத்துல அங்க உட்காருங்க. ஏசியும் இருக்கு."

"ரொம்ப நன்றிங்க சார். ஆனா கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடு வரும், இந்த வைட்டமினைச் செய்யற கதிர் மட்டும் வராது. கண்ணாடி அதைத் தடுத்துடும்."

அதிகாரி மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர், "அவங்க சொல்றதுதான் சரி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அண்ணி வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொல்லிக்காட்டினார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக.

பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேலே ஒரு மொட்டை மாடி பூட்டிக் கிடந்தது. உலர்த்தும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் துணி காயப்போட்ட இடம். அண்ணி கேட்டது அந்தப் பூட்டின் சாவியை. மேற்பார்வையாளர் பதறினார். "மெஷினை நிறுத்தினா ஆபரேஷன் தியேட்டருக்கு யார் பதில் சொல்றது?" அண்ணி அதற்கும் தயாராக வந்திருந்தார். உலர்த்தி ஒருமுறை ஓட நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் பக்கத்தில் நான்கு பேர் இருந்தால் போதும். ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, நடுப்பகலில் ஆளுக்கு அரை மணி. உடுப்பு மாற்ற நேரம் வீணாகாமல் இருக்க, மேலங்கியைக் கழற்றி மாட்டப் படி அருகே கொக்கிகள். எந்தக் குழுவில் யார் என்பதுவரை அண்ணி எழுதிக் கொண்டுவந்த தாளில் இருந்தது. சாவி கிடைத்தது.

மொட்டை மாடியைத் திறந்த முதல் நாள் மேலே வந்தவர்கள் ஏழே பேர்! வெயிலுக்காகப் போராடி வாங்கினால், ஜனங்களுக்கு வெயில் வேண்டாம். "கறுத்துப் போயிடுவேன் அக்கா, வீட்டுல மாப்பிள்ளை பார்க்கிறாங்க" என்றாள் இஸ்திரி உருளைப் பெண். "வெயில்ல நிக்கவா இந்த வேலைக்கு வந்தோம்?" என்றார் துவைக்கும் இயந்திரத்துப் பெரியவர். அண்ணி யாரையும் வற்புறுத்தவில்லை. பெரியவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, உங்க பேத்தியைத் தூக்கி எத்தனை நாளாச்சு?" பெரியவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். மறுநாள் அவர் மேலே வந்தார். அவர் வந்தால் அவரோடு சீட்டாடும் நால்வரும் வருவார்கள். சீட்டாட்டம் வந்தால் வேடிக்கை பார்க்கப் பத்து பேர். ஒரு மாதத்தில் நாற்காலிக்குச் சண்டை நடந்தது.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அண்ணியே ஒப்புக்கொள்ள மாட்டார். வாரம் ஒரு வில்லை என்று மருத்துவர் எல்லாருக்கும் கொடுத்திருந்தார். மடிக்கும் மேசையில் அண்ணிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண், வாரம் ஒன்று இவ்வளவு நல்லது செய்தால் தினம் ஒன்று எவ்வளவு செய்யும் என்று நினைத்துவிட்டார். வெளியே கடையில் வாங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் விழுங்கினார். ஓயாத தாகம், வாந்தி, தலை சுற்றல். மயங்கி விழுந்தவரை மேலே வார்டில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. சிறுநீரகம் கெடாமல் தப்பியது பெரிய விஷயம் என்றார் மருத்துவர்.

அன்று அண்ணி சாப்பிடவில்லை. "நல்லதுன்னு சொன்னேனே தவிர, அளவு மீறினா விஷம்னு சொன்னேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன், "நீ என்ன பண்ணுவ? அந்தப் பொண்ணு உன்கிட்ட கேட்டுச்சா?" என்றார். "கேட்கலை. நானும் சொல்லலையே" என்றார் அண்ணி.

அந்தப் பெண் தேறி வரும்வரை தினமும் வார்டுக்குப் போய்ப் பார்த்தார். திங்கட்கிழமை தோறும் வில்லையைத் தன் கையால் கொடுத்து, தன் கண் முன்னால் விழுங்க வைத்து, கையெழுத்து வாங்கும் பழக்கம் அதன் பிறகு வந்ததுதான். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரையும் வைட்டமின்களை உடம்பு எளிதில் வெளியே தள்ளாது, சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய எழுத்தில் எழுதிச் சாப்பாட்டு அறையில் ஒட்டினார்: "வாரம் ஒன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேளுங்க, திட்டுவேன்."

ஆறு மாதம் கழித்து எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள். இந்த முறை அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்தெட்டு பேரில் ஐம்பத்துமூன்று பேருக்கு அளவு சரியாகிவிட்டது. மற்ற ஐந்து பேருக்கு வேறு காரணங்கள் இருப்பது தெரியவந்து, தனியாகச் சிகிச்சை தொடங்கியது. மேற்பார்வையாளர் தன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது அண்ணியிடம், "எனக்கும் சரியாயிடுச்சும்மா" என்றார்.

மருத்துவர் இதையெல்லாம் கட்டுரையாக எழுதி, எலும்பு மருத்துவர்கள் கூடிய ஒரு மாநாட்டில் படித்தார். அண்ணியையும் அழைத்துப் போனார். நானும் அண்ணனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன: ஒன்று சலவைக்கூடம், இன்னொன்று தோட்டம். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், உங்களுக்கு வேண்டிய முடிவு வருகிற மாதிரி எடுக்கவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மருத்துவர் சிரித்தபடி ஒலிவாங்கியை அண்ணியிடம் நீட்டினார். "இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க இவங்கதான்."

அண்ணி எழுந்தார். வாளி, எண் வில்லைகள், குலுக்கியது, எல்லார் முன்னாலும் எடுத்தது, தோட்டக்காரர்களை ஏன் கேட்டார் என்பது, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "எனக்கு வேண்டிய முடிவுன்னு ஒண்ணு இருந்துச்சுங்க. எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு வரணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன்" என்றார். கேள்வி கேட்டவர் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு அவர்தான் முதலில் கை தட்டினார். மீட்டர் எண்ணைத் தவிர எதற்கும் அசையாத என் அண்ணன் கைக்குட்டையைத் தேடினார். அது கிடைக்காமல் என் சட்டைத் தோளைப் பயன்படுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் கேட்டார். "தம்பி, நீங்க மைக்கில பேசறவர். உண்மையைச் சொல்லுங்க, குரல் நடுங்கிச்சா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் அண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் மத்தவங்கதான் நடுங்கினாங்க."

இப்போது அண்ணி மருத்துவமனையின் ஊழியர் நலக் குழுவில் இருக்கிறார். கீழ்த்தளத்திலிருந்து அந்தக் குழுவின் மேசைக்குப் போன முதல் ஆள் அவர்தான். கையில் அதே மாதிரி துணி எண் எழுதும் இன்னொரு நோட்டு. முதல் கூட்டத்திலேயே, பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் ஜன்னல் இல்லாமல் வேலை செய்யும் பதினோரு பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களைப் பார்க்கப் போகிறார். அதற்காக இன்று மாலை நோட்டில் பத்திகள் போட்டுக்கொண்டிருந்தபோது, கோடு நேராக வரவில்லை என்று பாப்பாவின் அளவுகோலைக் கேட்டார். பாப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான்காவதாக என்ன பத்தி போடலாம் என்று அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.